கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு காகிதத்தில் அவள் பெயரைத் தப்பாக எழுதியபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்னொரு காகிதத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

கம்பெனியில் அவளை 'டவுட்டு' என்றுதான் கூப்பிட்டோம். கேண்டீன்காரர், செக்யூரிட்டி, ஆபீஸ் ஆட்கள் எல்லாருக்கும் அவள் டவுட்டுதான். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதில்லை. "ஏன் இப்டி கூப்புடறாங்கன்னு எனக்கே டவுட்டா இருக்குதுக்கா" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறுவேன். அவள் குருபரப்பள்ளியில் ஏறுவாள். அங்கே இரண்டு பெண்களோடு சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தாள். தினமும் வருகிற அதே பஸ், அதே டிரைவர். ஆனாலும் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பெனி பெயரை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பாள். ஒருநாள் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ரெண்டு வருஷமா நாந்தானே ஓட்டறேன்? உன்னை எங்க கொண்டுபோய் வித்துடப் போறேன்?"

"ரெண்டு வருஷமா ஓட்டறீங்கன்னுதான்ணா பாக்கறேன். தெரியாதவங்க எப்டிண்ணா ஏமாத்துவாங்க? கிட்டவே வர முடியாதே."

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்காமல் பிரிக்க மாட்டாள். கேண்டீனில் சாம்பாரை முதலில் மோந்துதான் பார்ப்பாள். எங்கள் லைனில் ஒருவர் தாத்தா இறந்துவிட்டார் என்று லீவு கேட்டபோது, சூப்பர்வைசருக்கு எதிரிலேயே, "போன பொங்கலுக்குப் போனாரே, அதே தாத்தாவா?" என்று கேட்டுவிட்டாள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. இப்படிப் பேசாதவர்களின் வரிசை நீளமானது.

அஞ்செட்டிக்கு மேலே ஒரு காட்டோரக் கிராமம் அவளுக்கு. வீட்டில் பாதிக் கன்னடம், பாதித் தமிழ். எதைச் சொன்னாலும் "நிஜானா?" என்பாள். நிஜந்தானா என்று அவர்கள் ஊர்க் கன்னடத்தில் கேட்பது. நாம் ஆமாம் என்றதும் விட்டுவிட மாட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். அந்த நேரத்துக்குள் பலர் தாமாகவே வழிக்கு வந்து, "இல்ல, முழுசா அப்படி இல்ல" என்று இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, கம்பெனியில் கேஜ் ரூமில் சேர்ந்தேன். அளவு பார்க்கிற கருவிகளை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கித் துடைத்து வைப்பது, ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. பேச ஊர்க்காரர்கள் இல்லாத ஏக்கத்தில் நூலகத்தில் சேர்ந்து நாவல் நாவலாகப் படித்தேன். பிறகு நானே கதை எழுத ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு அச்சிலும் வந்திருந்தன. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்த காலம் அது.

பஸ்ஸில் நான் படிப்பதைப் பார்த்து அவளும் கேட்டு வாங்கிப் படிப்பாள். ஒரு நாவலைக் கொடுத்தேன். கதாநாயகனுக்கு அப்பா இல்லை, வெள்ளத்தில் வீடு போகிறது, தம்பி சாகிறான், ஊரே அவமானப்படுத்துகிறது, எல்லாவற்றையும் தாங்கி நிமிர்கிறான். நான் இரண்டு இடத்தில் அழுத புத்தகம். நாலாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இவன் என்னக்கா பண்ணான்?"

"என்ன புள்ள இப்படிக் கேக்குற? எம்புட்டு கஷ்டத்தத் தாங்குதான்!"

"தாங்காம? எறக்கி வெக்க ஒரு எடமாச்சும் குடுத்தாரா எழுதினவரு? வெள்ளத்துல நிக்கறவன் நனையத்தான் செய்வான். கஷ்டம் வந்தவங்களெல்லாம் பெரிய ஆளுன்னா எங்கூர்ல வீட்டுக்கு வீடு செலை வெக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப யாருதான் பெரிய ஆளு? நீ சொல்லு."

அவள் சூளகிரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "தப்பிச்சுப் போக வழி இருந்துச்சான்னு பாக்கணும்க்கா. கதவு தொறந்து கெடக்குது. போனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒருத்தரும் பாக்கக்கூட இல்ல. அப்பவும் போகாம நின்னான்னா, அவன எழுதச் சொல்லு. படிக்கறேன்."

இதற்கு அவளிடம் ஓர் உதாரணமும் இருந்தது. அவளுடைய சொந்த அண்ணன். ராகிக் கொல்லையில் யானை வந்தபோது ஓடாமல் எதிரே நின்று தீப்பந்தம் காட்டி விரட்டியவன் என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்களாம். ஊரில் மாலையெல்லாம் போட்டிருக்கிறார்கள்.

"நான் போய் எடத்தப் பாத்தேன்க்கா. அவன் நின்ன எடத்துக்குப் பின்னாடி ஒரே எட்டுல கெணறு. எப்டி ஓடுவான்? நீ ஓடாம நின்னியா, ஓட முடியாம நின்னியான்னு கேட்டேன். ஒரு மாசம் எங்கூடப் பேசல."

"பாவம்டி அவன்."

"பாவந்தான். உசுரு பொழைச்சான், சாமிக்குப் பொங்க வெச்சேன். அது வேற, இது வேற."

இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதை எழுத யாருக்கு மனசு வரும்? இவளுக்கு நெஞ்சு வறண்டுபோயிருக்கிறது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன். ஒருமுறை, தடையை மீறி லைனில் போன் வைத்திருந்த இரண்டு பெண்களை ஆபீசில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். காட்டிக்கொடுத்தது டவுட்டுதான் என்று கேண்டீன் முழுக்கப் பேச்சு. எல்லாரையும் சந்தேகப்படுகிறவளை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து சந்தேகப்பட்டோம். நானும் ஒரு வாரம் பஸ்ஸில் அவளுக்கு இடம் போடாமல் பின்சீட்டுக்குப் போய்விட்டேன்.

எட்டாம் நாள் அவள் நேராகப் பின்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்தேகம் இருக்குதாக்கா எம்மேல?"

நான் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"படு. தப்பில்ல. நானும் தான் படறேன். ஆனா சந்தேகத்த சந்தேகம்னு சொல்லு. 'அவதான் சொன்னா'ன்னு சொல்லாத. நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லைதான். பிற்பாடு லைனில் புதிதாக மாட்டிய கேமராவில் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டவர் யாருமில்லை. அடுத்த நாள் அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டேன். எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்தாள்.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் கம்பெனியில் பைக் பிரேக்குக்குப் போகிற ஓர் இரும்புத் துண்டு செய்கிறோம். கட்டைவிரல் நீளம், நடுவில் ஒரு துளை. துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு ஒரு கேஜ் உண்டு. பேனா போல இருக்கும் ஸ்டீல் தண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். அடுத்த முனை போகக் கூடாது. அது போய்விட்டால் துளை பெரிசு, அந்தத் துண்டு ரிஜெக்ட். போகக் கூடாத முனையை 'நோ-கோ' என்போம்.

எல்லாரும் கேஜை வாங்கியதும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அவள் மட்டும் டிராயரைத் திறந்து ஒரு துண்டை வெளியே எடுப்பாள். துளை பெரிசாகிப்போன, என்றோ ரிஜெக்ட் ஆன துண்டு. அதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். அதன் பெயர் 'கள்ளன்'. தினமும் காலையில் முதலில் நோ-கோ முனையைக் கள்ளனுக்குள் விட்டுப் பார்ப்பாள். உள்ளே போனால்தான் கேஜ் நம்பத் தகுந்தது.

"நல்லதக் காட்டி நல்லதுன்னு சொல்லவெக்கறது ஒரு பெரிய விஷயமாக்கா? கெட்டதக் காட்டணும். அப்பவும் நல்லதுன்னு சொன்னா அது உடைஞ்ச கேஜு."

அவளைப் பார்த்து யாரும் கள்ளன் வைத்துக்கொள்ளவில்லை. அந்த அரை நிமிஷத்தைக்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் பொறுத்துக்கொள்வார்.

இனி என் கதை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஷிப்ட் முடிந்து எல்லாரும் கேஜ்களைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஒவ்வொன்றாகத் துடைத்து, இரவு ஷிப்ட்டுக்காரர்களுக்கு எடுத்து வைக்க வேண்டும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. ஆறு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவளை நிரந்தரமாக்குகிற இன்டர்வியூ. என்ன கேட்பார்கள், என்ன சேலை கட்டலாம் என்கிற நினைப்பிலேயே துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொடுத்துவிட்டுப் போன கேஜ் துணியிலிருந்து நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. நோ-கோ முனைதான் முதலில் தரையில் பட்டது.

கேஜ் கீழே விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். தனியாக எடுத்து வைக்க வேண்டும். சோதனைக்கு அனுப்ப வேண்டும். போட்டவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அறையில் யாருமில்லை. கேஜை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் எண்ணெய் தடவி, அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அவள் ஜன்னல் பக்கம் எனக்காக விட்டுவைத்திருந்தாள்.

மறுநாள் காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லைனில் சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். அவள் இரும்புக் கூடைகளுக்குச் சிவப்பு டேக் கட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு டேக் கட்டினால் அந்தச் சரக்கு அங்கேயே நிற்கும். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு சட்டம் உண்டு: கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும், கட்டினவர் கையெழுத்துப் போடாமல் கயிற்றைத் தொடக் கூடாது.

நோ-கோ கள்ளனுக்குள் போகவில்லை. முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அது தடுத்துக்கொண்டதால் பெரிய துளையையும் அந்த கேஜ் நல்லது என்று சொல்லியிருக்கிறது. இரவு முழுக்க அதில் பார்த்த சரக்கு வாசலில் லாரிக்குக் காத்திருந்தது.

அவள் இரவுச் சரக்கோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை தானே பார்த்துச் சரி என்று அனுப்பிய கூடைகளுக்கும் டேக் கட்டினாள். "நேத்து காலையில கள்ளனுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் எப்ப கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாமே நிக்கட்டும்." அவளுடைய திங்கட்கிழமைச் சரக்கில் ஒரு குறையும் இல்லை என்று அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி கேஜ் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் முதலில் அதட்டினார். பிறகு கெஞ்சினார். அவர் நல்ல மனிதர்தான், சேலத்துக்காரர்.

"இங்க பாரு, டேக்கை அவுத்துடு. வேற கேஜ் எடுத்துக்க. போனது போகட்டும், இனிமே பாக்கறத நல்லா பாரு. உன்னை யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"பிரேக்கு சார் அது."

"கூடைக்கு ஒண்ணு ரெண்டு தப்பு இருக்குமா?"

"அந்த ஒண்ணு யாரு வண்டிக்குப் போவும் சார்?"

லாரி காலியாகப் போனது. அவள் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். கேஜை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, நேத்து இதுக்கு எண்ணெ போட்டியா?"

"ஆமா. துருப் பிடிக்குமேன்னு..."

"மத்ததுக்குப் போடலயே."

"போட்டேன்னு நெனைக்கேன்."

"கீழ கீது விழுந்துச்சா?"

"இல்லயே."

"நிஜானா?"

"நிஜமாத்தான்."

ஒன்று, இரண்டு, மூன்று. நான் திருத்திக்கொள்ளவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று பஸ்ஸிலும் எப்போதும்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அதற்கு அவள் வேறு சீட்டுக்குப் போயிருக்கலாம் என்று இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் கூடைகளையும் மறுபடி பார்த்தார்கள். இரவுச் சரக்கில் தப்பான துளைகள் கிடைத்தன. அவள் சொன்னது சரி என்று ஆனது. அதற்காக அவளை யாரும் பாராட்டவில்லை. கேஜைக் கீழே போட்டது யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் விசாரணை. இரவு ஷிப்ட்டுக்காரர் தன் கையிலிருந்து விழவில்லை என்றார். பக்கத்தில் வேலை செய்த இருவர் அவருக்குச் சாட்சி சொன்னார்கள். அந்த மூவரையும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் அவளும் நானும். மேனேஜர் ரிஜிஸ்டரைத் திருப்பி என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு திருப்பிக் குடுக்கும்போது கேஜ் சரியா இருந்துச்சா?"

நான் சொன்னேன்: "கண்ணுக்குத் தெரியிற அடி இல்ல சார். அவ குடுக்கும்போதே அடிபட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை எத்தனை முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். கதை எழுதிப் பழகிய கை இதற்குத்தான் உதவியது.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "பகல்ல நீயே கீழ போட்டுட்டு, மறுநாள் நல்லவ மாதிரி டேக் கட்டியிருக்கேன்னு நான் நெனைக்கறேன். இல்லன்னா உன் சரக்குக்கும் எதுக்கு நீயே கட்டணும்?"

"எனக்குத் தெரியாததால கட்டினேன் சார்."

"சரி, நீ தான் எல்லாரையும் சந்தேகப்படறவளாச்சே. உனக்கு யார் மேல சந்தேகம்? பேரைச் சொல்லு, இப்பவே அவங்களக் கேக்கறேன்."

அறையில் நாலு பேர் இருந்தோம். அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒரு பெயரைச் சொன்னால் போதும். எண்ணெயைச் சொன்னால் போதும்.

"சந்தேகம் இருக்குது சார். ஆனா நான் பாக்கல. பாக்காதத ஒருத்தர் பேர்ல சொல்ல மாட்டேன்."

"அப்போ உன் பேர்லதான் எழுதணும்."

"நீங்க பாத்தீங்களா சார்?"

எழுதி, அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் கான்ட்ராக்ட்காரி, கான்ட்ராக்டரின் அட்டையில் 'கேஜைக் கீழே போட்டு மறைத்தவர்' என்று ஒரு வரி. அந்த வரியோடு சிப்காட் தொழிற்பேட்டையில் வேறெந்த கம்பெனி கேட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. வெள்ளிக்கிழமை என் இன்டர்வியூ நன்றாக நடந்தது. பச்சைச் சேலை கட்டியிருந்தேன். நிரந்தரமாகிவிட்டேன்.

குருபரப்பள்ளியில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் புத்தகத்தில் கண்ணைப் புதைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் மனசு வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. அவளைப் பற்றி ஒரு கதை எழுதினேன். எனக்கே பிடித்த கதை. நோயாளி அம்மா, ஒழுகும் கூரை, மழையில் நனைந்தபடி கேட்டுக்கு வெளியே நிமிர்ந்து நடக்கும் பெண். 'யாரோ கீழே போட்ட கேஜ்' என்று ஒரு வரியில் அதைத் தாண்டிவிட்டேன். ஒரு வாரப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. மேனேஜரே என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். "நம்ம கம்பெனி மாதிரியே இருக்கே" என்று சிரித்தார். கதாநாயகியின் மனஉறுதி அவரைத் தொட்டுவிட்டதாம்.

அந்தப் பிரதியை, அவள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பெயின்ட் பிரிவில் இருந்தார், அவரிடம் கொடுத்தனுப்பினேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போதும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே என் கதை. மூலையில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, கம்பெனி டேக் போலவே அவள் வெட்டிய சிவப்பு அட்டை கட்டியிருந்தது. அதில் பேனாவால் போட்ட கோடுகளில் அவள் கையெழுத்து.

பொருள்: கதை. எண்ணிக்கை: 1. காரணம்: கேஜை யாரோ போட்டாங்கன்னு இருக்குது. யாரோன்னு ஒருத்தரும் கெடையாது. அவங்களுக்கும் கதவு இருந்துச்சு. கட்டியவர்: அவள் கையெழுத்து.

அதை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

போன மாதம் கேஜ் ரூமுக்கு லைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும், புதிதாகச் சேர்ந்தவள். "கேஜ் விழுந்துருச்சுங்க. நான்தான் போட்டேன்" என்று நீட்டினாள். வாய் தவறி நான் கேட்டுவிட்டேன்: "யாராச்சும் பாத்தாங்களா?" அவள் என்னை வினோதமாகப் பார்த்து, "இல்லீங்களே, அதுக்கென்னங்க?" என்றாள். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு எதிரே குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. 'கீழே விழுந்தது. போட்டது நான்' என்று எழுதி, எழுதுகிற நாளின் தேதியைப் போட்டேன். ஒரு கடிதமும் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். அதே மேனேஜர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய கதைம்மா. அந்தப் பொண்ணு இப்போ இங்க இல்லவே இல்ல. இத நான் மேல அனுப்பினா உங்க வேலைதான் போகும், விசாரணைன்னு என்னையும் கேப்பாங்க. எதுக்கு? யாரும் கேக்கலயே. போங்க, போய் வேலையப் பாருங்க."

கடிதத்தை பேப்பர் வெயிட்டுக்கு அடியில் தள்ளினார். வாங்கியதற்குக் கையெழுத்துப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டிக்குப் பஸ் ஏறினேன். அவள் ஊர்ப் பால் எடுக்கிற இடத்தில் இருந்தாள். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் அவளைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டே கேனைத் திருப்பி எடுத்துப் போனார். மேஜை ஓரத்தில் தனியாக ஒரு தம்ளர் பால். பால்மானியை முதலில் அதில்தான் விட்டுப் பார்ப்பாளாம். அவளே தண்ணீர் கலந்து வைத்தது.

"கள்ளனா?" என்றேன்.

"ஆமாக்கா. பழைய கள்ளன் கம்பெனி சொத்து, அங்கயே விட்டுட்டேன்." ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"நிஜானா?"

"நிஜமாத்தான்."

ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை நான் கண்ணை எடுக்கவில்லை. அழுகையாக வந்தது, அழுதேன்.

"அழுவாத. மேனேஜர் கையெழுத்து எங்க?"

"போடல. விட்டுடுங்கன்னுட்டார்."

"எங்கார்டுல எழுதினத கோடு போட்டு அடிச்சாங்களா?"

"இல்ல."

பையிலிருந்து கதையை எடுத்து நீட்டினேன். அவிழ்த்துவிடுவாள் என்று ஓர் ஆசை. அவள் விரல் கயிற்றுக்குப் போனது. முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. திருப்பி என் மடியிலேயே வைத்தாள்.

"அந்த வரிய அடிச்சிட்டு கொண்டா. பாத்துட்டு அவுக்கறேன்."

களியும் கீரையும் போட்டாள். பழைய கதை எதுவும் பேசவில்லை. அண்ணனுக்கு மகன் பிறந்திருப்பதைச் சொன்னாள். பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். "போர்டு பாத்து ஏறுக்கா" என்றாள். பார்த்துத்தான் ஏறினேன்.

இதை மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கார்டில் அந்த வரியை அடிக்கக் கேட்டு மூன்றாவது நாளாக வருகிறேன். நேற்று ஆள் அனுப்பி, "இன்னொரு தடவ வந்தா லெட்டர மேல அனுப்பிடுவேன், அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லியிருந்தார். பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை அவர் பஸ் ஸ்டாப் வரை வந்து விட்டுப் போனார். சூப்பர்வைசர் இரண்டு முறை தாண்டிப் போனார். "உங்க இடத்துக்குப் போங்கம்மா, நீங்க வந்தத நான் பாக்கவே இல்ல" என்றார்.

மடியில் கதை இருக்கிறது. கேஜ் ரூமில் கத்தரிக்கோல் என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. கயிற்றை வெட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளே மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். டேக்கோடுதான் போகிறேன்.